புது நாசில், கோணல் வெட்டு
இன்று, காற்றை மின்பொறியால் சூடாக்கித் தகடு வெட்டும் பிளாஸ்மா கட்டிங் மெஷினில் வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தே வந்தது. காற்று பீய்ச்சும் முனையான நாசில் புதுசுதான், போட்டு அரை நாள்கூட ஆகவில்லை. வெட்டும் கைப்பிடியான டார்ச்சைக் கழற்றிப் பார்த்தால், நாசில் ஓட்டை வட்டமாக இல்லை. முட்டை வடிவில் இளிக்கிறது. உள்ளே மின்பொறி கிளம்பும் எலக்ட்ரோடு நுனியில் இருக்கும் ஹாஃப்னியம் உலோகப் பொட்டும் குழி விழுந்து கிடந்தது. பொதுவாக 1.5 மி.மீ. ஆழம் போனாலே மாற்றிவிட வேண்டும். இது அதையும் தாண்டிவிட்டது.

குற்றவாளி நாசில் இல்லை, காற்று. கம்ப்ரஸர் டேங்க் அடியில் டிரெயின் வால்வைத் திறந்தால் துருத் தண்ணீர் கொட்டுகிறது. ஈரக்காற்று எலக்ட்ரோடைத் தின்றுவிடும். தினமும் வடிக்க வேண்டியது நான்தான், யாரைத் திட்ட?

அப்புறம், டார்ச் முனையைக் கழற்றும் முன் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். டிரிகரை விட்டால் போதும் என்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பயம். வெல்டிங் மெஷினைவிட இதில் வோல்டேஜ் மிக அதிகம், 200க்கு மேல் டிசி. துத்தநாகம் பூசிய கால்வனைஸ்டு தகடு என்றால் புகை உறிஞ்சி இல்லாமல் நான் தொடுவதே இல்லை. துத்தநாகப் புகை அன்று ராத்திரியே குளிர்காய்ச்சலாக வந்து நிற்கும்.

சரி, தண்ணீர் வடித்து, ஃபில்டர், நாசில், எலக்ட்ரோடு எல்லாம் மாற்றியாயிற்று. இப்போது வெட்டு நேராக வருகிறது.