ஃபில்லர் ஊசியால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டபோது

மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பு நாற்பதைத் தாண்டியதும் எனக்கு ரொம்பவே ஆழமாகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஃபில்லர் என்னும், தோலுக்கடியில் ஜெல்லை ஏற்றிப் பள்ளத்தை நிரப்பும் ஊசியைப் போட்டுக்கொண்டதில் வலது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. முகத்தில் வடு விழாமல் தப்பித்தேன். இந்த ஊசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

கோவையில் நான் பார்த்தவர் நல்ல அனுபவமுள்ள சரும மருத்துவர். முதல் நாள் அவர் ஊசியையே எடுக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா, தேனீ கொட்டி அலர்ஜி ஆனதுண்டா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். தேனீக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது புரியவில்லை. ஹயலுரோனிக் அமில ஃபில்லர்தான் போடுவேன், தேவைப்பட்டால் அதைக் கரைக்க மருந்து இருக்கிறது என்றார். போட்டுக்கொண்ட அன்று பெட்டியை என் கண் முன்னால் பிரித்து, பேட்ச் எண் ஸ்டிக்கரை என் ஃபைலில் ஒட்டினார்.

எனக்குப் போட்ட ஃபில்லரிலேயே மரத்துப்போகும் மருந்து கலந்திருந்ததால் முதலில் வலி தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, மரப்பு விட்ட பிறகுதான் வலது பக்கம் குத்தத் தொடங்கியது. நேரம் போகப் போகக் கூடியது. கண்ணாடியில் பார்த்தால் மேலுதட்டிலிருந்து மூக்குச் சிறகு வரை தோல் வெளிறி, அதற்குள் வலை பின்னியதுபோல் ஊதா நிறக் கோடுகள். ஊசி குத்திய இடத்தையும் தாண்டி அது போயிருந்தது.

"ரத்தம் கட்டியிருக்குடி, ஐஸ் வை" என்றாள் அக்கா. சாதாரண ரத்தக்கட்டுக்கு அது சரியான வைத்தியம்தான். ஆனால் மருத்துவர் தந்த தாளில் ஒரு சோதனை எழுதியிருந்தது: விரல் நுனியால் தோலை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். இடது பக்கம் உடனே வந்தது. வலது பக்கம் அழுத்திய இடம் வெளுத்தபடியே நின்று, மெல்ல மெல்லத்தான் மாறியது. இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்த அக்காவே போனை எடுத்துக் கொடுத்தாள்.

"போட்டோ அனுப்பிட்டு உடனே கிளம்பி வாங்க. ஐஸ் மட்டும் வைக்காதீங்க, குழாய் இன்னும் சுருங்கிடும்" என்றார் மருத்துவர்.

போனதும் முதலில் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லிப் பார்வையைச் சோதித்தார். முகத்து ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. ஃபில்லர் அதற்குள் ஏறிவிட்டால் பார்வையே போகலாம். அரிதுதான், ஆனால் போனால் திரும்புவது மிகக் கடினம். பார்வை சரியாக இருக்கிறது என்றதும் ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் என்ற நொதியை வெளிறிய இடம் முழுக்கப் பல குத்தாகப் போட்டார். தேனீயின் விஷத்திலும் இதே வகை நொதி உண்டு, அதற்குத்தான் அந்தக் கேள்வி. அலர்ஜி வந்தால் கொடுக்க அட்ரினலினையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இந்த ஊசி ஃபில்லரைவிட அதிகம் வலித்தது. அழுத்தித் தேய்த்தார், வெதுவெதுப்பான துணி வைத்தார், ஆஸ்பிரின் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப அழுத்திப் பார்த்தார். நிறம் திரும்பியது போதவில்லை என்று மறுபடியும் போட்டார். அதற்கப்புறம் ரத்த ஓட்டம் திரும்பி, தோல் சிவந்தது. மறுநாளும் வரச் சொல்லிப் பார்த்தார். மூக்கோரம் சில சிறு கொப்புளங்கள் வந்து தானாகவே ஆறின. தாமதித்திருந்தால் அந்தத் தோல் கறுத்து அழுகி, குழிந்த வடுவாகியிருக்கும்.

மருத்துவர் மேல் எனக்குக் கோபமில்லை. முகத்தில் ரத்தக்குழாய் ஓடும் பாதை ஆளுக்கு ஆள் மாறும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் இது நேரக்கூடும். கோபமெல்லாம் கரைக்கும் மருந்தே கையில் இல்லாமல் ஊசி போடுகிறவர்கள் மேல்தான். ஹயலுரானிடேஸ் அபூர்வ மருந்தல்ல. கண்புரை அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியில் கலப்பது இதைத்தான். 1500 யூனிட் குப்பியாகவே நம்மூரில் கிடைக்கிறது. அதை வாங்கி வைக்காதவரிடம் முகத்தைக் கொடுக்கவே கூடாது. அப்புறம், இது கரைப்பது ஹயலுரோனிக் அமில ஃபில்லரை மட்டும்தான். சிலிக்கான் போன்றவற்றை இதனால் கரைக்க முடியாது. முகச் சுருக்கம் போகப் போடும் போடாக்ஸ் ஊசிக்கும் இப்படி ஒரு முறிப்பு மருந்து கிடையாது. அது பரவி இமை தொங்கிவிட்டால், வேகம் குறைந்து தானாகச் சரியாகும் வரை சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

அக்கா மகள் ஒரு பியூட்டி பார்லரில் உதட்டுக்கு ஃபில்லர் போட முன்பதிவு செய்திருந்தாள். போன் செய்து, ஊசி போடுவது மருத்துவரா, என்ன ஃபில்லர், குழாய் அடைத்தால் என்ன மருந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னேன். "எங்ககிட்ட அப்படியெல்லாம் ஆகாதுங்க" என்றார்களாம். முன்பதிவை ரத்து செய்துவிட்டாள்.

எனக்கு வலது மடிப்பு பழையபடி வந்துவிட்டது, இடது பக்கம் மட்டும் நிரம்பி நிற்கிறது. அலர்ஜி சோதனை செய்துவிட்டு அதையும் கரைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அடுத்த வாரம் போகிறேன்.