மதகுச் சாவி யாரிடம்?

"மதகைத் திறக்கிற சாவி யாரிடம் இருக்கிறது?"

ஆய்வுக்கு வந்த பொறியாளர் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி. ஏரிச் சங்கத்தின் செயலாளராக நான் பொறுப்பேற்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. படகுத்துறைச் சாவி, கொட்டகைச் சாவி, மீன்பிடி அனுமதிச் சீட்டு வைத்திருந்த அலமாரியின் சாவி எல்லாம் என் வளையத்தில் தொங்கின. மதகுக்கும் ஒரு சாவி உண்டு என்பது அன்றுதான் தெரியும்.

எங்களுடையது படகு விடவும் நீந்தவும் மீன் பிடிக்கவும் என்றே வெட்டிய ஏரி. வயது எண்பதுக்கு மேல். 28 அடி உயர மண் கரை ஒன்றுதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. பாசன ஏரி என்றால் தண்ணீர் வேண்டியவர்களின் கண் எந்நேரமும் கரைமேல் இருக்கும். எங்கள் ஏரியில் எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கரைக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தோம். கரை எங்களுக்கு நிழலான நடைபாதை, அவ்வளவுதான்.

அந்த நிழலில்தான் முதல் தகராறு. கரையின் வெளிச்சரிவில் 41 மரங்கள் நின்றன. "வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்தானே?" என்று கேட்டேன். பொறியாளர் மறுக்கவில்லை. ஆனால் புயலில் ஒரு பெரிய மரம் சாய்ந்தால் வேரோடு கரையில் ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும் என்றார். பட்டுப்போன மரத்தின் வேர் உள்ளே மக்கி, கரைக்குள் தண்ணீர் போக வழி அமைத்துத் தரும். போதாததற்கு, புதருக்குள் எந்த விலங்கு வளை தோண்டியது, எங்கே ஈரம் கசிகிறது என்று கண்ணுக்கே தெரியாது. கரையில் இருக்க வேண்டியது குட்டையாக வெட்டிய புல் மட்டும்.

புதரை விலக்கிக்கொண்டு கரையடிக்கு இறங்கினோம். பழைய வெளியேற்றுக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் நிலம் சொதசொதவென்றிருந்தது. "இது எப்போதும் இப்படித்தான், ஊற்று" என்றார் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர். பொறியாளர் குனிந்து கசிவை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். தெளிந்த நீராகவும் ஒரே அளவாகவும் வந்தால், கண்காணித்துவந்தாலே போதும். கலங்கி வந்தால் கரையின் உட்புறத்து மண் துகள் துகளாக வெளியேறுகிறது என்று பொருள். வெளிப்பக்கத்தில் தொடங்கும் அந்த அரிப்பு துளையாகி ஏரியை நோக்கிப் பின்னால் நீளும். ஏரியைத் தொட்டுவிட்டால் சில மணி நேரத்தில் கரை போய்விடும். இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடங்களில் இந்த அரிப்பு எளிதில் தொடங்கிவிடும் என்றார். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது அடிப்பாகம் சல்லடையாகியிருந்தது.

கலிங்கிலும் குறை. மிஞ்சும் வெள்ளம் வழிந்து போக வேண்டிய அந்த வாயின் குறுக்கே, வளர்த்த மீன் போய்விடாமலிருக்க நாங்களே கம்பி வலை கட்டியிருந்தோம். அதில் இலையும் சுள்ளியும் அடைந்து பாதி மூடிக்கிடந்தது. பொறியாளர் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு சவுத் ஃபோர்க் அணையின் கதையைச் சொன்னார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று பொழுதுபோக்குக்காக வைத்திருந்த ஏரி. அடிமட்ட வெளியேற்றுக் குழாய்களை முந்தைய உரிமையாளர் ஒருவர் பிடுங்கி விற்றுவிட்டார். மன்றத்தார் அவற்றைத் திரும்பப் போடவில்லை. வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். கலிங்கில் மீன் வலை கட்டினார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் கரைமேல் நீர் வழிந்து உடைந்தது. கீழேயிருந்த ஜான்ஸ்டவுன் நகரிலும் வழியிலும் 2,209 பேர் இறந்தார்கள். எங்கள் வலையை அன்று மாலையே நான்தான் அறுத்தெறிந்தேன். கூட்டத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவில்லை. அதற்கும் ஒரு கண்டனத் தீர்மானம் வந்தது.

அறிக்கையில் எங்கள் அணை 'உயர் அபாய' வகை என்றிருந்தது. கூட்டத்தில் கூச்சல். "நன்றாகத்தானே நிற்கிறது?" அந்த வகைப்பாடு அணையின் உடல்நிலையைச் சொல்வதில்லை, உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதைச் சொல்கிறது. புதிதாகக் கட்டிய, ஒரு குறையும் இல்லாத அணையும் அந்த வகையில் வரலாம். ஏரி வெட்டியபோது கீழே வெறும் மேய்ச்சல் நிலம். இப்போது வீடுகள். அணை மாறாமலே அபாயம் வளர்ந்துவிட்டது. இதை விளக்கவே எனக்கு மூன்று கூட்டம் ஆனது. வெள்ளம் பரவும் இடங்களைக் குறித்த வரைபடத்தைச் சுவரில் மாட்டிய நான்காவது கூட்டத்தில்தான் குரல்கள் தணிந்தன. சங்கத்தில் இரண்டு பேரின் பிள்ளைகள் அந்த நிறம் தீட்டிய பகுதிக்குள் குடியிருந்தார்கள்.

பணம் திரட்டிய கதையை விட்டுவிடுகிறேன். எந்தச் சங்கத்திலும் அது ஒரே கதைதான்.

வேலை தொடங்க ஏரியை இறக்க வேண்டும். மதகைத் திருக எல்லோருக்கும் பயம்: இத்தனை ஆண்டு அசையாதது, திறந்தபின் மூடாவிட்டால்? கரைமேல் குழாய்கள் போட்டு, மேட்டைத் தாண்டித் தாழ்ந்த பக்கத்துக்கு நீர் தானாகவே பாயும் சைஃபன் முறையில் இழுத்தோம். அதிலும் அவசரம் கூடாதாம். நீர் சட்டென்று இறங்கினால், ஊறிய உட்சரிவு தாங்குநீர் இல்லாமல் சரிந்துவிடும். ஒரு நாளைக்கு அரை அடிக்குமேல் இறக்காதீர்கள் என்றார். ஒரு மாதம் அளவுகோலைப் பார்ப்பதே என் வேலையாகிப்போனது.

பிறகு மரங்கள். பெரிய மரங்களின் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டியெடுத்து, குழியை அடுக்கடுக்காக மண்போட்டு இறுக்கினார்கள். பழைய குழாய்க்குள் சற்றுச் சிறிய பிளாஸ்டிக் குழாயை நுழைத்து இடைவெளியை சிமென்ட் கலவையால் நிரப்பினார்கள். கரையடியில் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி வைத்தார்கள்: நீரை விடும், மண்ணை விடாது. எனக்கு இந்த முழு வேலையிலும் பிடித்தது இதுதான். கசிவோடு மல்லுக்கட்டாமல் ஒழுங்காகப் போக வழி விட்டிருக்கிறார்கள். கலிங்கை அகலப்படுத்தியும் பெருவெள்ளத்தை வெளியேற்றும் கணக்கு முழுதாகத் தேறவில்லை. ஏரியின் நீர்மட்டத்தை நிரந்தரமாக இரண்டடி தாழ்த்தினோம். பழைய படகுத்துறை இன்று சேற்றில் நிற்கிறது. என்னைத் திட்டுபவர்கள் அதைக் காட்டித்தான் திட்டுகிறார்கள்.

வடிகட்டியின் கசிவெல்லாம் இப்போது ஒரே குழாயில் வருகிறது. வாரம் ஒருமுறை 10 லிட்டர் வாளியை வைத்து, நிறைய எத்தனை விநாடி என்று நோட்டில் எழுதுகிறேன். ஏரி மறுபடி நிரம்பியதிலிருந்து 50, 52, 51 என்றே வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டின் முதல் பெருமழை இரவில் குடையும் டார்ச்சுமாகப் போய் அளந்தேன். 44. கை நடுங்கியது. பொறியாளரை எழுப்பினேன்.

"நிறம்?" என்றார்.

டார்ச்சை வாளிக்குள் அடித்தேன். அடியிலிருந்த கீறல்கூடத் தெரிந்தது.

"தெளிவாக இருக்கிறது, சார்."

"ஏரி ஏறியிருக்கும், அதனால்தான். ஒரு மணி நேரம் கழித்து இன்னொருமுறை அளந்துவிட்டுக் கூப்பிடுங்கள். நான் தூங்கமாட்டேன்."

வாளியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தேன்.