தெப்பன்யாகி: வித்தை முடிந்த பிறகு

சென்னையில் தெப்பன்யாகி, அதாவது சூடான இரும்புத் தகட்டில் நம் கண்ணெதிரே சமைத்துத் தரும் ஜப்பானிய உணவு, சாப்பிடப் போகிறவர்களில் பாதிப் பேர் தீப்பிழம்பைப் படம் பிடிக்கவே போகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கிண்டிப் பக்கம் ஒரு நட்சத்திர விடுதியில் அண்மையில் நாங்கள் உட்கார்ந்த மேசையிலும் அதுதான் நடந்தது. சமையல்காரர் வெங்காய வளையங்களைக் கூம்பாக அடுக்கி, நடுவில் எண்ணெயும் மதுவும் ஊற்றிப் பற்றவைத்ததும், எங்களோடு அமர்ந்திருந்த குடும்பத்தின் கைப்பேசிகள் எல்லாம் ஒருசேர உயர்ந்தன. எடுத்த படத்தை அவர்கள் குனிந்து அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், சமையல்காரர் தகட்டின் ஓரத்தில் மெல்லிய பூண்டுச் சீவல்களை எண்ணெயில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அன்றைய உணவில் மிக நுட்பமான வேலை அதுதான் என்பேன். ஏன் நடுவில் போடாமல் ஓரத்தில் போடுகிறீர்கள் என்று கேட்டேன். “கருகினா கசந்துடும் அண்ணா, அப்புறம் எண்ணெயும் வீணாயிடும்” என்றார். மிசோரத்திலிருந்து வந்தவராம்; தமிழ் சரளமாக வருகிறது.

கரண்டியைச் சுழற்றுவது, முட்டையைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது, இறால் வாலைத் தொப்பிக்குள் விழவைப்பது போன்ற வித்தைகளைப் பழைய ஜப்பானிய மரபு என்று நினைப்பவர்கள் உண்டு. ஒகோனோமியாகி என்னும் முட்டைக்கோஸ் அடை போன்றவற்றை இரும்புத் தகட்டில் சுடும் வழக்கம் அங்கே முன்பே இருந்தாலும், வாடிக்கையாளரின் கண்முன்னே இறைச்சியைத் தகட்டில் வாட்டிப் பரிமாறும் உணவகமாக அதைத் தொடங்கியது 1945-இல் கோபே நகரின் மிசோனோ என்று சொல்லப்படுகிறது. உள்ளூர்க்காரர்களைவிட வெளிநாட்டவரே அதை அதிகம் விரும்பினார்கள். பிறகு, மல்யுத்த வீரராக அமெரிக்கா சென்ற ஹிரோவாகி அவோகி, நியூயார்க்கில் ஐஸ்கிரீம் விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு 1964-இல் பெனிஹானா உணவகத்தைத் திறந்தார். சமையலை மேடைக் காட்சியாக்கி உலகெங்கும் கொண்டுபோனது அந்த உணவகம்தான். ஜப்பானிலுள்ள உயர்தரத் தெப்பன்யாகி இடங்களில் சமையல்காரர் பெரும்பாலும் அமைதியாகவே வேலை செய்வார். ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் பணியாற்றும் என் மைத்துனர், நகோயாவில் சாப்பிட்டபோது ஒரு முட்டைகூடப் பறக்கவில்லை என்று சற்று ஏமாற்றத்தோடுதான் சொன்னார்.

அவரே அன்று மேசையில் அமர்ந்ததும், “இது என்ன மாப்பிள்ளை, நம்ம கொத்துப் பரோட்டாதானே?” என்றார். இந்த ஒப்பீட்டைச் சொல்லாத சென்னைக்காரரை நான் பார்த்ததில்லை. சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கொத்துப் பரோட்டா மாஸ்டரின் திறமை பரோட்டா, முட்டை, சால்னா எல்லாவற்றையும் ஒன்றாக்குவதில் இருக்கிறது. தெப்பன்யாகிக்காரரின் திறமையோ ஒரே தகட்டில் கிடக்கும் ஐந்தாறு பொருள்களை ஒன்றின் சுவை மற்றொன்றில் ஏறாமல் வைத்திருப்பதில் இருக்கிறது.

அதற்கு உதவுவது தகட்டின் கனம். மெல்லிய வாணலியில் குளிர்ந்த மீன் துண்டை வைத்தால் சூடு சட்டென்று இறங்கி, மீன் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே வேகத் தொடங்கிவிடும். இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தடித்த இரும்போ உள்ளே தேக்கிவைத்திருக்கும் வெப்பத்தால் அந்த இறக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது. மேற்பரப்பு பழுப்பேறி மணம் தரும் மெய்லார்டு வினை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் விறுவிறுப்பாக நடக்கும். நீர் தேங்கி நின்றால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தகட்டின் நடுப்பகுதி கடும் சூட்டிலும் ஓரங்கள் மிதமான சூட்டிலும் இருப்பதால், அடுப்பின் குமிழைத் தொடாமல், பொருளை நகர்த்தியே சூட்டைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

மாட்டிறைச்சியை இறக்குமதி செய்ய இந்தியாவில் அனுமதி இல்லை. ஆகவே ஜப்பானில் இந்த மேசையின் நாயகனாக விளங்கும் வாக்யு என்னும் ஜப்பானிய மாட்டிறைச்சி இங்கே கிடைக்காது. சென்னையில் கடலுணவைக் கேட்பதே புத்திசாலித்தனம், அதில் இழப்பும் பெரிதாக இல்லை. நாங்கள் கேட்டது சிங்கி இறால். அதை நீளவாக்கில் பிளந்து, ஓட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, அருகில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குவிந்த மூடியால் மூடினார். மூடியைத் திறந்தபோது சதை பால்வெள்ளையாகத் திரண்டிருந்தது. அதை ஓட்டிலிருந்து ஒரே இழுப்பில் பிரித்து, நடுச்சூட்டில் சில நொடிகள் அழுத்தி எடுத்தார். சோயா சாஸை இறாலின் மேல் ஊற்றவில்லை. பக்கத்தில் வெறும் தகட்டில் ஊற்றி, அது நுரைத்துப் பொங்கிய கணத்தில் துண்டுகளை அதன் மேல் இழுத்துச் சென்றார். உப்பு பரவியதைவிட மணம் கூடுதலாக ஏறியது.

கோழி சுமார்தான். காய்கறிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

என் தங்கை சைவம் என்பதால் அவளுக்காக ஒரு விசாரணையே நடத்த வேண்டியிருந்தது. சமையல்காரர் சலிக்காமல் தகட்டின் ஒரு பக்கத்தைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றித் துடைத்து, வேறு கரண்டிகளை எடுத்து டோஃபுவையும் ஷீடாகே காளானையும் வாட்டிக் கொடுத்தார். பலரும் கவனிக்கத் தவறுவது, புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பைத்தான். பார்வைக்கு அது சைவமாகவே இருக்கும். ஆனால் அதன் அடிநீர் வழக்கமாகச் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, உலர்த்திச் சீவிய துருவலில் தயாராவது. சில தொட்டுக்கொள்ளும் சாஸ்களிலும் அது இருக்கும். கேட்டால், கடற்பாசியும் காளானும் மட்டும் சேர்த்த அடிநீரில் செய்து தருகிறார்கள். ஒரே தகடு என்பதே மனத்துக்கு ஒவ்வாதவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. அவர்களை வற்புறுத்தி அழைத்துப்போவதில் பயனில்லை.

கடைசியாக வருவது பூண்டுச் சோறு. முன்பே வேகவைத்து ஆறிய குறுமணி ஜப்பானிய அரிசிச் சோற்றைப் பரப்பி, அதுவரை சமைத்தவற்றின் கொழுப்பிலும் எடுத்துவைத்த பூண்டு எண்ணெயிலும் புரட்டி, வெண்ணெயும் சோயாவும் சேர்த்து, மொறுமொறுப்பான சீவல்களை மேலே தூவுகிறார்கள். ஒரு மணி நேரமாகத் தகட்டை எப்படி நடத்தினார் என்பதை அந்தச் சோறு காட்டிக்கொடுத்துவிடும்; எங்கேனும் ஏதாவது கருகியிருந்தால் கசப்பு அதில் தெரியும். அன்று தெரியவில்லை. எதிர்க் குடும்பம் அதற்குள் வயிறு நிரம்பி, சோற்றைப் பாதியிலேயே விட்டுவிட்டது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூவருக்கான கட்டணம் ஐந்திலக்கத்தை எளிதாகத் தாண்டியது. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள விடுதிகளின் உணவகங்களுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு, வெளியே தனியாக இயங்கும் உணவகங்களுக்கு 5 விழுக்காடுதான். கணக்குப் போட்டுவிட்டுப் போவது நல்லது. முன்பதிவின்போதே சைவம், ஒவ்வாமை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். தகட்டை ஒட்டிய இருக்கையைக் கேளுங்கள். கூட்டத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்தால் முதுகுகளைத்தான் பார்க்க முடியும். பட்டுப்புடவை மட்டும் வேண்டாம், புகைபோக்கி எவ்வளவு இழுத்தாலும் பூண்டும் வெண்ணெயும் துணியில் ஏறத்தான் செய்கின்றன, தங்கையின் புடவை இப்போது சலவைக்குப் போயிருக்கிறது.