‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’: சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது இன்று யாருக்கும் தெரியாததல்ல. எங்கள் சித்தப்பா வீட்டிலும் தெரிந்திருந்தது. எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதில்தான் காலை வாரிவிட்டது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

காலை ஆறரைக்குச் சித்தி கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது சித்தப்பா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். வலது கை துவண்டு தொங்கியது. பேச வாயெடுத்தால் வெறும் சத்தம்தான் வந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கடைத்தெரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பிரஷர் 190/100 என்று சொல்லி, ஒரு மாத்திரையைக் குத்தி அதிலிருந்த மருந்தை நாக்குக்கு அடியில் விட்டிருந்தார்கள். டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றார் நர்ஸ். ‘சி.டி. ஸ்கேன் இருக்கிறதா’ என்று கேட்டேன். ‘டாக்டர் வந்து எழுதிக் கொடுப்பார், வெளியே எடுக்கலாம்’ என்றார். எட்டு மணி ஆகியும் டாக்டர் வரவில்லை. அனுப்புங்கள் என்றால் முதலில் பில்லைக் கட்டச் சொன்னார்கள். கட்டிய பிறகும் கடிதம் தர ஆள் இல்லை.

அங்கே செய்தது எல்லாமே தப்பு என்பது பிறகு தெரிந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கும்போது, மிச்சமிருக்கும் வழிகளில் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருப்பது அந்த உயர்ந்த அழுத்தம்தான். அதைத் தடாலடியாக இறக்கினால் பிழைக்க வாய்ப்புள்ள பகுதியும் சேர்ந்து போய்விடும். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஊசி மருந்தில், அளவு பார்த்து, நிதானமாக இறக்குவார்கள். சர்க்கரை குறைந்தாலும் பக்கவாதம் போலவே தெரியும் என்பதால் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. சர்க்கரை குறையாதவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது கெடுதல். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்பதைச் சி.டி. எடுக்காமல் எந்த மேதையாலும் சொல்ல முடியாது. ஆஸ்பிரின்கூட அதற்குப் பிறகுதான். ஆகவே சி.டி. இல்லாத இடத்தில் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் வீண்.

108-ஐக் கூப்பிட்டோம். வண்டியில் வந்த தம்பிதான் அன்று எங்களுக்கு வாய்த்த முதல் விவரமான ஆள். தாலுகா ஆஸ்பத்திரி பக்கம்தானே என்று சொந்தக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். ‘அங்கே போனால் மறுபடியும் இன்னொரு வண்டி ஏற வேண்டும்’ என்று சொல்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே விட்டார். போகிற வழியிலேயே அங்கே போன் செய்து, பக்கவாத நோயாளி வருகிறார் என்று சொல்லியும் வைத்தார். தாகமாக இருக்கும் என்று சித்தி பாட்டிலைத் திறந்தபோது கையைப் பிடித்துத் தடுத்ததும் அவர்தான். விழுங்கும் சக்தி போயிருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் விட்டுவிடும். காபி, சோடா, கோரோசனை, எதுவும் கூடாது.

ஒன்பது இருபதுக்கு அவசரப் பிரிவில் இறக்கினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’

சித்தி, ‘ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தார்’ என்றார். டாக்டரின் முகம் மாறிவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கணக்கு தொடங்குவது நாம் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. இரவு பத்து என்றால் கதை முடிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து முடிவு செய்யும் வழி ஒன்று உண்டு, ஆனால் அந்த வசதி எல்லா இடத்திலும் கிடைக்காது.

சித்தப்பா விடிகாலையில் எழுந்து மோட்டார் போடுகிறவர். அவருடைய போன் சித்தியின் பைக்குள் இருந்தது. பட்டன் போன்தான். அழைப்புப் பட்டியலைத் திறந்தால், 5.50-க்கு டிராக்டர்காரருக்கு ஒரு அழைப்பு, நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. டாக்டரிடம் நீட்டினேன். அவர் அந்த எண்ணைத் தானே அழைத்து, ‘பேச்சு குழறியதா?’ என்று கேட்டார். ‘குழறலா? வாடகை பாக்கிக்கு என்னோடு சண்டையல்லவா போட்டார்!’ என்றார் டிராக்டர்காரர். அந்தச் சண்டைக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

சி.டி. உடனே எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை. பிரஷர் 185/110-க்குக் கீழே இருந்தால்தான் ஊசி போடுவார்கள், இருந்தது. அடுத்து, ‘எடை எவ்வளவு?’ மருந்தின் அளவு கிலோவுக்கு இவ்வளவு என்றுதான். எழுந்து நிற்க முடியாதவரை எதில் நிறுத்துவது? கைகொடுத்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிறு புத்தகம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் அம்மா போன மாதம் அதில் எழுதியிருந்தார்: 62 கிலோ. ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது, நூற்றில் ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசியலாம் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். என் தம்பியும் சித்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். பத்து மணிக்குச் சற்றுப் பிறகு ஊசி ஏறியது. கெடு 10.20. எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

அந்தப் புத்தகத்தில் எடைக்கு மேலே இருந்ததைத்தான் நாங்கள் முன்பு யாரும் படிக்கவில்லை. பிரஷர் 168/100, அடுத்த மாதம் 170/104, இப்படியே போகிறது. மாத்திரை மாதாமாதம் வீடு தேடி வந்திருக்கிறது. பிறகு சித்தி பீரோவைக் குடைந்தபோது துணிக்கு அடியிலிருந்து அட்டை அட்டையாக வந்து விழுந்தது, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ‘தலைசுற்றல் நின்றுவிட்டது, அப்புறம் எதற்கு மாத்திரை’ என்பது அவருடைய வாதம். பிரஷருக்குத் தலைசுற்றல் வந்தே தீர வேண்டும் என்று சட்டமில்லை. உலகில் வரும் பக்கவாதங்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் நாம் மாற்றக்கூடிய பத்து விஷயங்கள்தான் என்று பல நாடுகளில் நடந்த ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆய்வு காட்டியது. அதில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு. சித்தப்பா அதோடு பீடி, சர்க்கரை, தினம் கருவாடும் ஊறுகாயும் என்று மற்றவற்றையும் விடாமல் சேர்த்து வைத்திருந்தார். வயது 57.

வயதானவர்களின் நோய் என்று நினைப்பவர்கள் அந்த வார்டை ஒரு தரம் பார்க்க வேண்டும். எதிர்க் கட்டிலில் முப்பதைத் தாண்டாத ஒரு பெண். சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இதய வால்வைச் சுருக்கிவிட்டது. அங்கே உறைந்த கட்டி மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது. சின்ன வயதில் வரும் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு பென்சிலின் ஊசியைத் தவறாமல் போட்டிருந்தால் வால்வு அந்த அளவுக்குக் கெட்டிருக்காது என்றார்கள்.

வார்டில் நர்ஸ்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே முக்கால்வாசி வேலை நம்முடையது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வரும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்தும் அரைமணி நேரம் இறக்கக் கூடாது. யாரும் சொல்லித் தராத முக்கியமான ஒன்று: விழுந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததில் தோள் மூட்டு இறங்கிவிட்டது. காலும் பேச்சும் ஓரளவு திரும்பிய பிறகும் அந்தத் தோள் வலி இன்னும் விடவில்லை. புறா ரத்தம் தடவச் சொல்லி வந்தவர்களைச் சித்தியே வாசலோடு அனுப்பிவிட்டார். அதில் எனக்குப் பெருமை உண்டு.

காப்பீட்டு அட்டை கதை தனி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அது பிரச்சினையில்லை. ஆதாரில் ‘ராஜ்’ என்று முடியும் பெயர் ரேஷன் கார்டில் ‘ராசு’ என்று முடிகிறது. கவுன்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘இவர் வேறு, அவர் வேறு’ என்றார். புகைப்படத்தைப் பாருங்கள் என்றேன். ‘நான் படம் பார்க்க உட்காரவில்லை’ என்றார். வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைத் தேடினால் அவர் ஜமாபந்தியில். யாருக்கும் உடம்புக்கு வராத நாளிலேயே வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் இரண்டு அட்டையிலும் ஒப்பிட்டுப் பார்த்து வையுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றுக்கு முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, வேன் வைத்து, சக்கர நாற்காலியோடு போனோம். வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து மதியம் ஆனது. டிஸ்சார்ஜ் தாளில் தேதியைப் பார்த்த டாக்டர், ‘பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆன பிறகு வாருங்கள், அதற்குள் எவ்வளவு தேறுவார் என்று பார்த்துத்தான் சதவீதம் போட முடியும்’ என்றார். நியாயமான காரணம்தான். ஆனால் வாசலில் டோக்கன் கொடுத்தவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் வேன் வாடகை மிஞ்சியிருக்கும். மறுமுறை போகும்போது டிஸ்சார்ஜ் தாள், சி.டி. ரிப்போர்ட், ஆதார், புகைப்படம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் போனோம், அதே ஆள் அசல் மட்டும் போதும் என்றார்.

இன்னும் ஒன்று. உங்கள் ஊரிலிருந்து எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் சி.டி. எடுக்கிறார்கள், கட்டி கரைக்கும் ஊசி எங்கே போடுகிறார்கள் என்பதை இந்த வாரமே நேரில் போயோ, போன் செய்தோ கேட்டு வையுங்கள். நான் அக்கம்பக்கத்து ஊர்களுக்காக விசாரித்தபோது, பெரிய பலகை வைத்த ஒரு தனியார் மருத்துவமனையில், ‘ஸ்கேன் இருக்கிறது, ஆனால் ஆபரேட்டர் மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார்’ என்றார்கள். அதன் பலகையில் ‘24 மணி நேர சேவை’ என்றுதான் எழுதியிருக்கிறது.