சோலை நிற்கிறது, தோழமை விழுகிறது

ஜூலை 2
அக்கா படக்கதைப் பக்கங்கள் வரையும் மென்பொருள் மறுபடியும் விழுந்துவிட்டது. 'தோழமை' என்று அடித்த மறுகணம் ஜன்னலே காணோம். டெர்மினலில் 'செக்மெண்டேஷன் ஃபால்ட்' (தொடக்கூடாத மெமரியைத் தொட்டுவிட்டது), அவ்வளவுதான். அக்கா சேலத்திலிருந்து போன். "டேய், யானை வர்ற பக்கம் மொத்தமும் போச்சுடா." அவள் எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். படுத்தபடியே வரைந்த பக்கம் அது.

ஜூலை 3
சோலை, கோவை, தோசை எல்லாம் அடித்தாலும் நிரல் விழாமல் நிற்கிறது. தோரணை அடித்தால் விழுகிறது. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக அடித்தாலும் அசையவில்லை. நம் எழுத்துக்கு மட்டும் ஏன்?

ஜூலை 4
பிழை தேடும் கருவியான ஜிடிபியில் ஓட்டினேன். விழுந்த இடத்துக்கு வந்த வழியைச் சொல்லும் பேக்ட்ரேஸ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தைக் காட்டுகிறது. ஒரு தடவை எழுத்துரு பட்டியல், ஒரு தடவை மெனுவை மூடும் இடம். நடுவில், மெமரி ஒதுக்கித் தரும் ஜிலிப்சி நூலகம் 'கரப்டட் டாப் சைஸ்' என்று கத்திவிட்டுச் சாகிறது. அப்படியென்றால் மெமரி முன்பே எங்கோ கெட்டுவிட்டது. செத்து விழும் இடத்தில் தேடிப் பயனில்லை.

அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லையாம்.

ஜூலை 6
பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் நடக்கும்போதும் போர்டுகளில் இருக்கும் எழுத்துகளை எண்ணிக்கொண்டே போனேன். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அல்ல, கணினி உள்ளே வைத்துக்கொள்ளும் யூனிகோடு குறிகளை. த, ோ, ழ, ம, ை. ஐந்து. தோரணையும் ஐந்து. சோலை நான்கு. ஒற்றைப்படை வந்தால் விழுகிறது!

ஜூலை 6, இரவு
'கோகோ' நான்குதான். அதுவும் விழுகிறது.

ஜூலை 7
மெமரி எல்லை மீறுவதைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு பில்ட் போட்டேன். பாதியில் மழை, கரண்ட் கட். அக்கா போன் எடுக்கவில்லை. மாமா எடுத்து, "தூங்குறாப்பா" என்றார். குரல் சரியில்லை.

ஜூலை 8
கிடைத்துவிட்டது! 40 பைட் இடத்தைத் தாண்டி 8 பைட் எழுதுகிறது. எந்த வரி என்பதும் தெரிந்துவிட்டது.

நிரல் இடம் ஒதுக்குவது குறிகளை எண்ணி, ஒன்றுக்கு 8 பைட். எழுத்தை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் 'ோ' என்ற ஒரே குறியை, திரையில் வரையும் இரண்டு உருவாகப் பிரிக்கிறது. ே முன்னால், ா பின்னால். தோழமைக்குக் குறி ஐந்து, உரு ஆறு. ஆறாவதுக்கு இடம் ஏது?

சோலை பிழைத்ததற்குக் காரணம் ஜிலிப்சி. 32 பைட் கேட்டால் கையில் 40 கொடுக்கிறது, ஐந்தாவது உரு அந்த மிச்சத்தில் உட்கார்ந்துகொள்கிறது. 40 கேட்டால் சரியாக 40 தான். ஒரு உரு கூடினாலும் பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துவிடும். கோகோவில் உரு ஆறு, 48 பைட். மிச்சமும் போதாது.

சானிடைசர் சோலையையும் பிடித்தது. இத்தனை நாளும் அதுவும் தப்பாகவே எழுதியிருக்கிறது, சத்தமில்லாமல். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அக்காவின் புத்தகத்தில் எத்தனை சோலைகள், எத்தனை தோகைகள்.

ஜூலை 9
திருத்தம் சின்னதுதான். முதலில் வடிவமைக்க வேண்டும், வந்த உருக்களை எண்ணி அப்புறம் இடம் ஒதுக்க வேண்டும். சோலை, தோழமை, கோகோ மூன்றையும் சோதனையில் சேர்த்து பேட்ச் அனுப்பிவிட்டேன். சானிடைசர் வாய் திறக்கவில்லை. அக்காவுக்குப் புது பில்ட் அனுப்பினேன். பார்த்தாளா தெரியவில்லை.

ஜூலை 11
பேட்சைப் பார்த்தவர் கேட்டிருக்கிறார், வேறு மொழியிலும் இது வருமா என்று. வரும். மலையாளத்திலும் வங்காளத்திலும் இதே மாதிரி இரண்டாகப் பிரியும் உயிர்க்குறிகள் உண்டு. கீழ் வீட்டுச் சேச்சியிடம் மலையாளச் சொற்கள் கேட்டு வாங்கினேன். உட்கார வைத்துக் கட்டஞ்சாயா கொடுத்து, பொறுமையாக எழுதித் தந்தார். அவர் எழுதியதில் பாதி பழைய பில்டில் விழுகிறது.

ஜூலை 12
மாமா போன். உடனே வா என்கிறார். மடிவாளாவில் பத்தரைக்கு பஸ். லேப்டாப்பையும் எடுத்துக்கொள்கிறேன், வங்காளச் சோதனை பாக்கி இருக்கிறது.