அம்மாவின் சிவந்த கண்ணும் ஞாயிற்றுக்கிழமைக் குளிசையும்

மாசி மாதத்தில் எங்கள் பக்கத்தில் அரிவு வெட்டு நடக்கும்போது பதரும் தூசியும் பறக்கும் என்பதால், யாருக்காவது கண் சிவந்தால் தூசி விழுந்திருக்கும் அல்லது கண்ணோய் என்று சொல்லிவிட்டு எல்லோரும் தம் வேலையைப் பார்ப்பார்கள். முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் இருக்கும் என் அம்மாவின் இடக்கண் சிவந்தபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். பக்கத்து வீட்டு அக்கா நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னார். மருந்துக் கடையில் கிருமிக்கான துளி மருந்தொன்றைத் தந்தார்கள். நான்கைந்து நாளில் குறைந்த சிவப்பு, அடுத்த செவ்வாய்க்கிழமை கூடுதல் நோவுடன் திரும்பி வந்தது.

கண்ணோய் என்றால் பீளை கட்டிக் காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்குப் பீளையே இல்லை; வெளிச்சம் பொறுக்காமல் யன்னலைச் சாத்தச் சொன்னார், பார்வையும் புகை படிந்ததுபோல இருக்கிறது என்றார். மாங்குளத்துக்கு வந்து ஏ9 வீதியால் பேருந்தில் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கண்ணில் எப்போதாவது இரும்புத் துண்டு பட்டதுண்டா என்று அவர் முதலில் கேட்டார். 2009 இன் இறுதிப் போரைக் கடந்து வந்த எங்கள் மக்களிடம் கேட்கவேண்டிய கேள்விதான் அது. அடுத்து, என்னென்ன குளிசைகள் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

மணிக்கட்டு முறிந்ததன் பின் எலும்புத் தேய்வுக்கென்று அம்மாவுக்கு அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் குளிசை கொடுக்கப்பட்டிருந்தது. வாரம் ஒன்று, ஞாயிறு காலை வெறும் வயிற்றில் ஒரு குவளை தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும். ஞாயிறு குளிசை, செவ்வாய் சிவப்பு என்ற ஒழுங்கை அந்த அறையில்தான் நாங்கள் முதன்முதலில் கண்டுகொண்டோம்.

இந்த வகை எலும்பு மருந்துகள் உடலின் எதிர்ப்புக் கலங்களில் ஒரு பிரிவைத் தூண்டிவிடுவதால், அரிதாகச் சிலருக்குக் கண்ணின் நடுப்படலத்திலோ வெண்விழியிலோ அழற்சி ஏற்படுகிறது என்று மருத்துவர் விளக்கினார். நடுப்படல அழற்சியை யுவெயிட்டிஸ் என்பார்கள். இதே வகை எலும்பு மருந்தான, ஆண்டுக்கொருமுறை நாளம் வழியே ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலத்தில் இது ஓரிரு நாளிலேயே தோன்றக்கூடும். காசநோய்க் குடும்பக் கிருமிகளுக்குக் கொடுக்கும் ரிஃபாபியூட்டின், புற்றுநோய்க்கான சில நோயெதிர்ப்பு மருந்துகள், கண்ணழுத்தத்துக்கு மாதக்கணக்கில் விடும் பிரிமோனிடின் துளி ஆகியவையும் இதே கேட்டைச் செய்யலாம். கண்ணுக்கென்று விடும் மருந்தே கண்ணை அழற்றக்கூடும் என்பது எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது.

அம்மாவுக்கு அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் துளியும், கண்மணி சுருங்கி ஒட்டாமல் இருக்க அதை விரிக்கும் துளியும் கொடுத்து, முதலாவதைச் சட்டென நிறுத்தாமல் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள். இந்த ஸ்டீராய்டு துளியைப் பரிசோதனையின்றிக் கடையில் வாங்கி விடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரசோ பூஞ்சையோ என்றால் அதே துளி கருவிழியைப் பாழாக்கிவிடும்; வயலில் நெற்கதிர் கீறிய கண்ணில் பூஞ்சை பிடிப்பதற்கான வாய்ப்பு எங்கள் ஊரில் எப்போதும் உண்டு.

எனக்கு இன்றும் ஆறாத குறை ஒன்று உண்டு. எலும்புக்கு மருந்து எழுதிய இடத்தில் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிறு காகித உறையில் வந்த குளிசையில் பெயர்கூட முழுமையாக எழுதப்பட்டிருக்கவில்லை. கிளினிக் கொப்பியை நான் எடுத்துச் சென்றிராவிட்டால் அந்தப் பெயரை எங்களால் சொல்லியிருக்கவே முடியாது.

அலென்ட்ரோனேட் நிறுத்தப்பட்டது. கல்சியமும் விட்டமின் டியும் தொடர்கின்றன. எலும்புக்கு வேறு வகை மருந்து தேவையா என்பதை அடுத்த கிளினிக்கில் தீர்மானிப்பார்கள். அதே குடும்பத்து மருந்து எதையும் கொடுக்கவேண்டாம் என்று கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதித் தந்திருக்கிறார்கள்.