கோத்தகிரியில் லியர்

அக்டோபர் 19

சித்தி வீட்டு மாடியறையில் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தைத் திரைக்கதையாக்க உட்கார்ந்து இன்றோடு ஒன்பது நாள். மூலத்தில் கிழட்டு ராஜா லியர் மகள்களுக்கு ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நிற்க இடமில்லாமல் போகிறார். என் கதையில் ராஜ்யம் கிடையாது, நாலு ஏக்கர் தேயிலைத் தோட்டம்தான். ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1985-இல் இதையே 'ரான்' என்று எடுத்தபோது மகள்களை மகன்களாக்கினார், நான் மகள்களாகவே வைத்துக்கொண்டேன். எழுதிக் கொடுத்த மறுநாளே அப்பா விருந்தாளியாகிவிடுகிற வீடுகள் இந்தச் சரிவிலேயே இருக்கின்றன.

என்மேல் உள்ள பாசத்தைப் பற்றி என்ன சொல்லப்போகிறாய் என்று அப்பா கேட்க, மூலத்தில் கடைசி மகள் கார்டீலியா "ஒன்றுமில்லை, பிரபு" என்கிறாள். தமிழில் "ஒண்ணுமில்லப்பா" என்று எழுதியதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. மனசு நிறைய வைத்துக்கொண்டு மகள்கள் போனில் தினமும் சொல்கிற சொல்லாயிற்றே அது!

அக்டோபர் 23

மூன்று நாளாக மழை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்கில் நனைந்து முடித்துவிடும், எங்களுக்கு வடகிழக்குதான்.

மகள்கள் கைவிட்ட லியர் பொட்டலில் நின்று புலம்புகிற புயல் காட்சியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனின் குளோப் அரங்கில் பட்டப்பகலில் நாடகம் போட்டார்கள், கிழவரின் வசனம்தான் இருட்டையும் மழையையும் கொண்டுவந்தாக வேண்டும், அதனால்தான் அத்தனை வரிகள். கேமரா முன்னால் மழை தானே வந்து நிற்கும்போது அதையே வாயாலும் சொன்னால் இரண்டுமே வீண். குடையை மடக்கிவிட்டு, கவாத்து வெட்டிய தோட்டத்தில் நின்று நானே சத்தமாக வாசித்துப் பார்த்தேன், போனில் பதிவும் செய்தேன். தகரக் கொட்டகையில் மழை விழும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் பதிவாகவில்லை.

பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மழையில நின்னு யாரு தம்பி பேசுவா? வாயத் திறந்தா தண்ணிதான் போகும்."

சரி, வசனத்தில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டேன். அந்த இடம் மட்டும் அப்படியே இருக்கட்டும். பச்சையெல்லாம் போய், முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாக நிற்கிற தோட்டம். லியருக்கு இதைவிட நல்ல பொட்டல் எனக்குக் கிடைக்காது.

அக்டோபர் 27

தயாரிக்க முன்வந்த நண்பர் போன் செய்தார். மூலத்தில் செத்துப்போகிற கடைசி மகளைப் பிழைக்க வைக்க முடியுமா என்கிறார். 1681-இலேயே நஹூம் டேட் என்கிற நாடக ஆசிரியர் அதைச் செய்து அவளுக்குக் கல்யாணமும் முடித்துவைத்தார், ஏறத்தாழ நூற்றைம்பது வருஷம் இங்கிலாந்து மேடையில் அந்த முடிவுதான் ஓடியது என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளைச் சாகவிடாமல் அந்தக் கிழவரை என்னால் முடிக்க முடியாது.

அக்டோபர் 30

இறந்த மகளைப் பார்த்து "இனி வரவே மாட்டாய்" என்று அரற்றுகிற லியர், அடுத்த மூச்சில் "இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள், நன்றி ஐயா" என்கிறார். அரங்கத்தின் பின்வரிசைக்குப் பொத்தான் எங்கே தெரியும், அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்று சாயங்காலம் தாத்தா நனைந்துபோய் வந்தார். இலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. ஸ்வெட்டரின் மேல் பொத்தானை இரண்டு தரம் முயன்றுவிட்டு, பேத்தி பக்கம் திரும்பி மோவாயை மட்டும் தூக்கினார். அவள் பள்ளிப் பையைக்கூட இறக்காமல் எக்கி நின்று கழற்றிவிட்டாள்.

மேலே வந்து பொத்தான் வசனத்தை அடித்துவிட்டு, 'மோவாயைத் தூக்குகிறார்' என்று எழுதினேன். நன்றியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், படம் முழுக்க அவர் யாருக்கும் அதைச் சொன்னதில்லை.